காக்கா ஆழிக்கு ஒரு கணக்கு

வடசென்னைக் கல்லூரிகளில் கணிதமும் விலங்கியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு,

எண்ணூர் ஆற்றில் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் போடத் தகுந்தவர்கள் நீங்கள் என்று எனக்குப் படுகிறது. அதனால்தான் இந்த மடல்.

காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்குக் காக்கா ஆழியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விரல் நீளம்கூட இல்லாத கறுத்த சிப்பி அது. விலங்கியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். கப்பலோடு வந்திருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கருதுகிறார்கள். கப்பல் நிலை தடுமாறாமலிருக்க அடித்தொட்டிகளில் ஏற்றிக்கொள்ளும் கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக மிதந்து வந்திருக்கலாம், கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் வந்திருக்கலாம். சிங்கப்பூரும் பிலிப்பைன்ஸும் இதை நமக்கு முன்பே பார்த்துவிட்டன. கேரளத்தில் அஷ்டமுடிக் காயல்வரை போயிருக்கிறது. உப்பு ஏறினாலும் தாங்கும், இறங்கினாலும் தாங்கும். கழிமுகத்துக்கென்றே செய்துவைத்த உடம்பு.

இது தனியாக வாழாது. நார் போன்ற நூலை விட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆற்றின் அடியில் பாய் விரித்தாற்போலப் படர்ந்துவிடும். இறாலுக்குப் புதையச் சேறு வேண்டும். மேலே சிப்பிப் பாய் கிடந்தால் எங்கே புதையும்? மட்டிக்கும் அதே கதி. ஆற்றில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்களின் விரல்களையும் பாதங்களையும் ஓட்டின் விளிம்பு அறுத்துவிடுகிறது. மீனவர்கள் புகார் சொல்லிச் சொல்லி, பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் விஷயம் போனது. தூர்வாரி அள்ளிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

அள்ளலாம். எங்கே அள்ளுவது? எவ்வளவு அள்ளுவது? அள்ளினால் எத்தனை மாதத்துக்குத் தாங்கும்? இந்த மூன்று கேள்விக்கும் பொக்லைனிடம் பதில் இல்லை. வகைக்கெழுச் சமன்பாடு படித்தவர்களிடம் பாதிப் பதில் இருக்கிறது. மறுபாதி ஆற்றில் இருக்கிறது.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், அதுதான் சுலபம். இந்தச் சிப்பி மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூறை அள்ளிக் கொட்டினால் மிச்சம் பத்து. தடையில்லாமல் பெருகினால் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, பழையபடி நூறு. இடம் நெருக்கும்போது பெருக்கம் தளரும் அல்லவா, அதையும் சேர்த்து முதலாண்டில் படித்த லாஜிஸ்டிக் வளைவைப் போட்டால், பழைய அளவில் பத்தில் ஒன்பது பங்கைத் தொட ஆறு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும். இரட்டிப்பாக மூன்று மாதம் எடுக்கும் என்றால் அதே கணக்கு பத்தொன்பது மாதம் என்று வரும். ஆறு மாதமா, பத்தொன்பது மாதமா என்பது கோடிக்கணக்கில் செலவழிக்கப்போகிறவர் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. அதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு எண், எண்ணூர்த் தண்ணீரில் இந்தச் சிப்பி பெருகும் வேகம். அஷ்டமுடியின் எண்ணையோ சிங்கப்பூரின் எண்ணையோ கொண்டுவந்து இங்கே ஒட்டவைக்க முடியாது. இங்கே அனல்மின் நிலையத்துச் சுடுநீர் கலக்கிறது, சாம்பல் கலக்கிறது.

அடுத்த கேள்வி, எங்கே அள்ளுவது. இதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1905ஆம் ஆண்டு பிராக் நகரத்துக்குப் பக்கத்தில் ரோமத்துக்காகக் கொண்டுவரப்பட்ட சில அமெரிக்க நீர் எலிகளை ஒரு பிரபு அவிழ்த்துவிட்டார். அவை ஐரோப்பா முழுக்கப் பரவின. 1951இல் ஸ்கெல்லாம் என்ற ஆங்கிலேயர் ஒவ்வொரு வருடமும் அந்த எலி பிடித்திருந்த பரப்பை வரைபடத்தில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை எடுத்து, வருடத்துக்கு எதிராகப் புள்ளி வைத்தார். புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழுந்தன. அதாவது எலிகளின் எல்லை வருடாவருடம் ஒரே வேகத்தில் நகர்ந்திருக்கிறது. அந்த வேகம் எவ்வளவு இருக்கும் என்பதை ஆர். ஏ. ஃபிஷர் 1937இலேயே வேறொரு விஷயத்துக்காகச் சொல்லியிருந்தார். பெருகும் வேகத்தையும் அலைந்து பரவும் அளவையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் போதும்.

இந்தச் சூத்திரத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. பெருகும் வேகம் என்று அதில் வருவது, உயிர் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில், அதாவது படையெடுப்பின் முனையில், அது பெருகும் வேகம். பின்னால் எவ்வளவு அடர்த்தியாகக் குவிந்து கிடக்கிறது என்பது சூத்திரத்தில் எங்குமே இல்லை. எல்லையைப் பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை, முனையில் இருக்கும் நாலைந்து பேர் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அப்படியானால் பாய் விரித்துக் கிடக்கும் இடத்தில் டன் கணக்கில் அள்ளுவது கண்ணுக்கு நிறைவாக இருக்கும், பரவுவதை ஒரு நாள்கூடத் தாமதிக்காது. முனைக்குப் போய், இப்போதுதான் ஒன்றிரண்டு ஒட்டியிருக்கும் இடங்களில் சுரண்ட வேண்டும்.

ஆனால் (இங்கேதான் உங்கள் மூளை வேலை செய்ய வேண்டும்) இதற்கு நேரெதிரான முடிவு வரவும் வழி இருக்கிறது. சிப்பிகள் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடுகின்றன. பக்கத்தில் ஆளில்லை என்றால் இரண்டும் சேராது. சிதறிக் கிடக்கும் சிப்பி பெருகவே முடியாமல் போகலாம். 1930களில் அமெரிக்கரான அல்லீ எடுத்துக்காட்டியதால் இதற்கு அல்லீ விளைவு என்று பெயர். இது பலமாக இருந்தால் எல்லை பின்னாலிருந்துதான் தள்ளப்படும். சிறு கூட்டங்கள் தாமாகவே அழியும். அப்போது முனையில் சுரண்டுவது வீண், பின்னால் இருக்கும் பாயில்தான் கை வைக்க வேண்டும். ஒரே சிப்பி, ஒரே ஆறு. முனையில் அது எப்படிப் பெருகுகிறது என்ற ஒரு தகவலைப் பொறுத்து இயந்திரம் நிற்க வேண்டிய இடமே மாறிவிடுகிறது. இதை யாரும் எந்திரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு கண்டுபிடிக்க முடியாது. பேப்பரில் எழுதிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. கோட்பாட்டு உயிரியல் என்ற துறையின் பயன் இதுதான், எதை அளந்தால் எதைத் தீர்மானிக்கலாம் என்று அது சொல்லிவிடும்.

எண்ணூருக்கென்று இன்னும் சில சிக்கல்கள் உண்டு. ஸ்கெல்லாமின் எலிகள் சமவெளியில் எல்லாத் திசையிலும் ஓடின. நம் சிப்பிக்குக் கிடைத்திருப்பது கொசஸ்தலை ஆறும் பக்கிங்காம் கால்வாயும், அதாவது நீளமான பாதைகள். ஆகவே பரப்பின் வர்க்கமூலம் தேவையில்லை, முகத்துவாரத்திலிருந்து தூரத்தை அளந்தால் போதும். குஞ்சுகள் தாமாக அலைவதில்லை, ஓதத்தோடு உள்ளே போய் வெளியே வருகின்றன. சமன்பாட்டில் நீரோட்டத்துக்கு ஓர் உறுப்பு சேர்க்க வேண்டும். அந்த உறுப்பின் குறி எந்த மாதத்தில் கூட்டல், எந்த மாதத்தில் கழித்தல் என்பதைத் தெண்டி, வன்னி என்று நீரோட்டம் பார்த்தே கடலுக்குப் போன கிழவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். போதாக்குறைக்குச் சிப்பி வலையிலும் படகிலும் ஒட்டிக்கொண்டு ஒரே தாவலில் பல கிலோமீட்டர் போகும். இப்படி நெடுந்தாவல்கள் இருந்தால் எல்லை ஒரே வேகத்தில் நகராமல் வேகமெடுத்துக்கொண்டே போகும் என்று 1996இல் கோட், லூயிஸ், வான் டென் டிரீஷ் மூவரும் காட்டினார்கள். கால்வாய் நேராகப் பழவேற்காட்டுக்குப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் இந்தச் சிப்பி தலைகாட்டிவிட்டது.

தரவுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். குப்பத்துக்குப் போங்கள். முதன்முதலில் இதை எந்த இடத்தில், எப்போது பார்த்தீர்கள் என்று கேளுங்கள். யாரும் தேதி சொல்ல மாட்டார்கள், சொல்லவும் தேவையில்லை. வர்தா புயலுக்கு முன்னாடியா பின்னாடியா, ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்பவா, கொரோனாவிலா, மிக்ஜாம் வெள்ளத்துக்கு அப்புறமா என்று கேட்டால் தயங்காமல் பதில் வரும். 2016 டிசம்பர், 2017 ஜனவரி, 2020, 2023 டிசம்பர் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இருபது பேர் சொன்ன இடத்தையும் காலத்தையும் வரைபடத்தில் வைத்தால் ஸ்கெல்லாமுக்குக் கிடைத்ததைவிட மோசமான புள்ளிகளாக இருக்காது.

பெருகும் வேகத்துக்குப் பழைய மண் ஓடு போதும். கயிற்றில் கட்டி இறக்குங்கள். சில ஓடுகள் பாய் அடர்ந்த இடத்தில், சில பாதி வழியில், சில முனையைத் தாண்டி இன்னும் எதுவும் வராத இடத்தில். மாதம் ஒருமுறை தூக்கி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் படமெடுத்து, பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் எத்தனை என்று எண்ணுங்கள். அடர்ந்த இடத்து ஓட்டிலும் ஆளில்லாத இடத்து ஓட்டிலும் பெருக்கம் எப்படி வேறுபடுகிறது என்பதே முன்னால் சொன்ன அல்லீ கேள்விக்கான விடையின் தொடக்கம். கணிதம் படிப்பவர் தனியாகப் போகாதீர்கள், விலங்கியல் படிப்பவரை அழைத்துப் போங்கள். இருவருமே அந்த ஆற்றில் தினமும் இறங்குகிற ஒருவர் இல்லாமல் இறங்காதீர்கள்.

இதெல்லாம் பெரிய இடத்து விஞ்ஞானிகள் செய்ய வேண்டியது, நமக்கேன் என்ற எண்ணம் வரும். அதனால் இந்தத் துறை எங்கே பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது காசிமேடு மாதிரியான இடங்களில் பிறந்தது.

உம்பெர்த்தோ தான்கோனா என்ற இத்தாலிய விலங்கியலாளர் ட்ரியெஸ்ட், ஃபியூமே, வெனிஸ் மீன் சந்தைகளின் விற்பனைப் பதிவேடுகளைப் புரட்டினார். முதல் உலகப்போரின்போது அட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. அந்த ஆண்டுகளில் சந்தைக்கு வந்த மீனில் சுறா, திருக்கை வகைகளின் பங்கு ஏறியிருந்தது. ஃபியூமேயில் 1914இல் 11.9 சதவீதம், 1918இல் 36.4, போர் முடிந்து படகுகள் திரும்பியபின் 1923இல் 10.7. மீன்பிடிப்பு குறைந்தால் எல்லா மீனும் அல்லவா கூட வேண்டும்? கொன்று தின்னும் மீனுக்கு மட்டும் ஏன் யோகம்? தான்கோனா தன் மாமனாரிடம் கேட்டார். மாமனார் விட்டோ வோல்ட்டெரா, அந்நாளின் பெரிய கணிதப் புலி. 1926இல் வோல்ட்டெரா இரண்டு சமன்பாடுகளை எழுதினார், நீங்கள் மூன்றாம் ஆண்டில் படிக்கிறீர்களே, அதே இரை–கொன்றுண்ணிச் சமன்பாடுகள். அமெரிக்காவில் இருந்த லோட்காவும் தனியாக அதே இடத்துக்கு வந்திருந்தார். விடை இதுதான்: இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் சராசரியில் இரை கூடும், கொன்றுண்ணி குறையும். பிடிப்பதை நிறுத்தினால் தலைகீழ்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் திரும்பும் முதல் வாரம் காசிமேட்டு ஏலத்தில் நின்றிருக்கிறீர்களா? கூடையில் வஞ்சிரம் எவ்வளவு, சுறா எவ்வளவு, நெத்திலி எவ்வளவு என்று யாராவது பத்து வருடம் எழுதிவைத்திருந்தால் வோல்ட்டெராவை இங்கேயே சோதித்திருக்கலாம். அவர் சொன்னது அப்படியே பலிக்கும் என்று நான் நினைக்கவில்லை. அது நான்கு வருடப் போர், இது இரண்டு மாதத் தடை, அதுவும் நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. அவருடைய சமன்பாடு ரொம்பவும் எளிமையானது, நிஜக் கடலுக்குப் போதாது. ஆனாலும் பதிவேடு வேண்டும்.

நோய்க் கணக்கும் நம் பக்கத்துச் சரக்குதான். ரொனால்ட் ராஸ் 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னையிலும் வேலை பார்த்தவர். 1897இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் அதைவிடப் பெரிதாக நினைத்தது தன் கணக்கை. எல்லாக் கொசுவையும் ஒழிக்க முடியாதே என்று அதிகாரிகள் கையை விரித்தபோது, ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் மலேரியா தானே அணையும் என்று சமன்பாடு எழுதிக் காட்டினார். அவர் வழியில் வந்த மெக்கெண்ட்ரிக், கசௌலியின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தவர். பிறகு எடின்பரோவில் ஆய்வக விபத்தில் கண் பார்வை இழந்திருந்த கெர்மாக்குடன் சேர்ந்து 1927இல் கொள்ளைநோய்க்கான கணக்கை எழுதினார். அந்தக் கணக்கைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்டது பம்பாய் பிளேக்கில் 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை வாராவாரம் செத்தவர்களின் எண்ணிக்கை. செத்தவர்கள் நம்மவர்கள், சமன்பாட்டுக்குப் பெயர் அவர்களுடையது. இதைக் கோபத்தோடு சொல்லவில்லை, எண்ணிவைத்ததால்தான் ஏதோ கிடைத்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

2020இல் ராயபுரம் மண்டலம் சென்னையிலேயே அதிகத் தொற்று என்று தினமும் செய்தியில் வந்துகொண்டிருந்ததே, அப்போது தொலைக்காட்சியில் ஆர் எண், ஆர் எண் என்று பேசினார்கள், தொற்றிய ஒருவரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றும் என்ற எண். அதன் வேர் ராஸிலும் மெக்கெண்ட்ரிக்கிலும் இருக்கிறது. இந்தியாவுக்கான அந்த எண்ணைத் தொடர்ந்து கணக்கிட்டவர்களில் ஒருவர் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துப் பேராசிரியர் சிதாப்ர சின்ஹா. தெருவைத் தகரம் வைத்து அடைத்தபோது உள்ளே இருந்த நமக்கு, வெளியே நம்மை வைத்துப் போடப்பட்ட கணக்கு என்ன என்று தெரியாது. அடுத்த முறை தெரிந்திருக்கட்டும்.

இந்த மாதிரி வேலைகளுக்கென்றே தனி ஆய்விதழ்கள் இருக்கின்றன. 1939இல் சிகாகோவில் ரஷெவ்ஸ்கி தொடங்கியது ஒன்று. அது இன்று கணித உயிரியல் புல்லட்டின் என்ற பெயரில் வருகிறது. இன்னொன்று 1961இல் ஜேம்ஸ் டேனியெல்லி தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் தியரெட்டிக்கல் பயாலஜி’. நான் உங்களை நூலகத்தில் தேடிப் பார்க்கச் சொல்வது இதைத்தான். சோதனைக்கூடம் இல்லாமல், யோசனையை மட்டும் வைத்துக்கொண்டு உயிரியல் எழுதலாம் என்று ஒப்புக்கொண்ட இதழ் அது. டேனியெல்லியே 1935இல் செல்லின் சவ்வு எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரியைச் சக ஆய்வாளர் டாவ்சனோடு சேர்ந்து முன்வைத்தவர். 1972இல் வேறொரு மாதிரி வந்து அதை ஓரங்கட்டியது. ஆனால் இடையில் அத்தனை வருடம் எல்லோரும் எதைச் சோதிப்பது என்று தெரிந்துகொண்டது அந்தத் தவறான மாதிரியால்தான். அப்படிப்பட்ட ஆள் ஆசிரியராக உட்கார்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

அந்த இதழில் 1964இல் ஹாமில்டன் என்ற லண்டன் ஆராய்ச்சி மாணவரின் கட்டுரை இரண்டு பகுதிகளாக வந்தது. தேனீயும் எறும்பும் தாம் பெறாத பிள்ளைகளுக்காக ஏன் உழைக்கின்றன என்பது கேள்வி. உறவின் நெருக்கத்தைப் பின்னமாக எழுதி, உதவியால் கிடைக்கும் லாபத்தை அதனால் பெருக்கி, நஷ்டத்தோடு ஒப்பிட்டார். அவ்வளவுதான். கட்டுரையை மதிப்பிட்டவர் இரண்டாக உடைக்கச் சொன்னதால் அச்சாகத் தாமதமானது. ஹாமில்டனின் பேராசிரியர்களுக்கு இந்த வேலை பிடிபடவேயில்லை. தனிமை தாங்காமல் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் பயணிகள் நடுவே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவாராம். இன்று விலங்குகளின் நடத்தையைப் பற்றிய எந்தப் பாடப்புத்தகமும் அந்தப் பெஞ்சைத் தாண்டிப் போக முடியாது. வீட்டில் படிக்க இடமில்லை என்று சொல்லும் தண்டையார்பேட்டைப் பிள்ளைகளுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. அவர்கள் நம்புகிற மாதிரி தெரியவில்லை.

மூன்று வருடம் கழித்து 1967இல் அதே இதழ், முப்பது வயது ஆகாத லின் மார்குலிஸின் கட்டுரையை வெளியிட்டது. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா என்றார் அவர். அதற்கு முன் பதினைந்து இதழ்கள்போலத் திருப்பி அனுப்பியிருந்தன. விலங்கியல் மாணவர்கள் கவனிக்க: அந்தக் கட்டுரையின் பலம் சமன்பாட்டில் இல்லை, சிதறிக்கிடந்த தகவல்களைக் கோத்த விதத்தில் இருந்தது. கணக்கு வராதே என்று நீங்கள் ஒதுங்க வேண்டியதில்லை.

இவ்வளவு தூரம் போவானேன். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் அதே வண்டி கிண்டிக்குப் போகிறது. அங்கே பல்கலைக்கழக வளாகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்கலாம், எந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும் என்று கணக்கிட்டு ஒரு படம் வரைந்தார்கள். உலகத்தில் எந்த மூலையில் எவர் புரதத்தின் அமைப்பைக் கண்டாலும் சரிதானா என்று இன்றும் அந்தப் படத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இனி எச்சரிக்கை ஒன்று. காக்கா ஆழிக்குக் கணக்குப் போட்டு முடித்ததும் ஆற்றின் எல்லா நோய்க்கும் அதுவே காரணம் என்று எழுதிவிட ஆசை வரும். அப்படி எழுதினால் மகிழ்ச்சியடைகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்நிய உயிர்கள் பரவும் இடங்களைப் பற்றி ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வந்த உயிர் வண்டியை ஓட்டுகிறதா, இல்லை ஏற்கெனவே சரிவில் ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஏறிக்கொண்ட பயணியா? எண்ணூரில் இந்தச் சிப்பி வருவதற்கு வெகுகாலம் முன்பே சாம்பல் குழாய் உடைந்து ஆறு வெளுத்திருக்கிறது. 2023 டிசம்பரில் மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக இறங்கி, அலையாத்தி வேர்வரை பூசிக்கொண்டது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு கடலுக்குள் போகும் அமோனியாக் குழாய் கசிந்து பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இறாலும் மட்டியும் நன்றாக இருந்த ஆற்றில் சிப்பிக்கு இத்தனை இடம் கிடைத்திருக்குமா? இது கோஷத்துக்கான கேள்வி இல்லை, சோதிக்கக்கூடிய கேள்வி. சாம்பல் அதிகம் படிந்த இடத்து ஓட்டையும் படியாத இடத்து ஓட்டையும் ஒப்பிடுங்கள். சிப்பி மட்டும், சாம்பல் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று மாதிரிகள் எழுதிப் பாருங்கள். எது தரவோடு பொருந்துகிறதோ அதைச் சொல்லுங்கள், நான் சந்தேகிப்பது பொய் என்று வந்தாலும் சரி.

படிக்கக் காசு வேண்டுமே என்ற கவலை முன்பு நியாயமாக இருந்தது. இந்த இதழ்களில் ஒரே ஒரு கட்டுரையை வாங்குகிற விலைக்கு ஒரு வாரச் சாப்பாடு முடிந்துவிடும். 2025 ஜனவரியிலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு முப்பது பெரிய பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. நான் சொன்ன இரண்டு இதழ்களின் பதிப்பகங்களும் அதில் உண்டு. உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் போய்க் கேளுங்கள். அவருக்கும் தெரியாமல் இருந்தால் தெரியும்வரை கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் ஆர்க்கைவ் தளத்தில் கணிய உயிரியலுக்கென்று ஒரு பிரிவு 2003 முதல் இருக்கிறது, யாருக்கும் காசில்லை. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் அச்சிடுகிறோம் என்று மின்னஞ்சல் வரும், பேராசிரியர்களுக்கே வருகிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆய்விதழில் வர வேண்டும் என்பதை முதல் குறியாக வைக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். முதலில் நான்கு பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். எங்கே அளந்தோம், எத்தனை, எவ்வளவு வேகம், அள்ளினால் எத்தனை மாதம், எங்கே அள்ள வேண்டும், எதில் எங்களுக்குச் சந்தேகம் என்று எழுதி, குப்பத்துப் பஞ்சாயத்தில் படித்துக் காட்டுங்கள். இதழின் மதிப்பீட்டாளர் சமன்பாட்டில் பிழை பிடிப்பார். பஞ்சாயத்தில் இருப்பவர் வேறு பிழை பிடிப்பார், அந்த இடத்தில் ஓதம் அப்படி வராதே தம்பி என்பார். இரண்டாவதுதான் முதலில் வேண்டும். அதன்பிறகு ஆங்கிலத்தில் எழுதி எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள். உங்களோடு ஆற்றில் இறங்கியவர்களின் பெயரையும் ஆசிரியர் வரிசையில் சேர்க்கலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை.

ஓடுகளை இந்த செப்டம்பருக்குள் இறக்கிவிடுங்கள். அக்டோபர் நடுவில் மழை பிடித்துக்கொள்ளும். பூண்டி நீர்த்தேக்கத்தில் தண்ணீர் திறந்தால் ஆற்றின் உப்பு ஒரே நாளில் இறங்கும். அதற்கு முன் ஓர் எண்ணிக்கை, அதற்குப் பின் ஓர் எண்ணிக்கை இருந்தால், வெள்ளம் இந்தச் சிப்பியை என்ன செய்கிறது என்பது உங்கள் நோட்டில் இருக்கும். கயிற்றை மட்டும் கொஞ்சம் தடிமனாக வாங்குங்கள், சிப்பிக் கனத்தில் மெல்லிய கயிறு தாங்காது.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்